ஈஸ்டர் முட்டையும் பிள்ளைகளின் பல்லும்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

மார்ச் மாதம் பிறந்ததும் பள்ளியிலிருந்து ஒரு செய்தி வரும். அலங்கரித்த முட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள், போட்டி இருக்கிறது, அட்டையில் ஒரு தொப்பியும் செய்து அனுப்பினால் நல்லது என்று. நமக்கு ஈஸ்டர் என்றால் சர்ச்சுக்குப் போகிறவர்களின் பண்டிகை. இங்கே சாமி கும்பிடாத வீட்டிலும், மசூதிக்குப் போகிற வீட்டிலும், கோயிலுக்குப் போகிற வீட்டிலும் பள்ளிப் பிள்ளை இருந்தால் முட்டை உண்டு, சாக்லேட் உண்டு. அந்த இரண்டு வாரத்தில் வீட்டுக்குள் வந்து சேரும் சாக்லேட்டைப் பார்த்தால் தீபாவளிப் பலகாரத் தட்டே சின்னதாகத் தெரியும்.

ஆகவே முட்டைக்குச் சாயம் ஏற்றுவதையும் பல்லைக் காப்பதையும் ஒரே கட்டுரையில் சொல்லிவிடுகிறேன். காரணம் இல்லாமல் இல்லை. இரண்டிலும் வேலை செய்வது அமிலம்தான், இரண்டிலும் முக்கியமான கேள்வி 'எவ்வளவு நேரம்' என்பதுதான். அது எப்படி என்று பின்னால் வருகிறேன்.

முதலில் காலண்டர்

ஈஸ்டர் ஞாயிறு வருடா வருடம் நகரும். மார்ச் 22-லிருந்து ஏப்ரல் 25-க்குள் எந்த ஞாயிறாகவும் வரலாம். அதற்கு முந்தைய வெள்ளியும் அடுத்த திங்களும் இங்கிலாந்தில் பொது விடுமுறை, பள்ளிகளுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் லீவு. புதிதாக வந்தவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: ஈஸ்டர் ஞாயிறு அன்று பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் சட்டப்படி மூடியிருக்கும். 1994-இன் ஞாயிறு வணிகச் சட்டம் அப்படி. தெருமுனைச் சின்னக் கடைகள் திறந்திருக்கும், ஆனால் அங்கே வெள்ளை வினிகர் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. வாங்க வேண்டியதை வியாழனுக்குள் வாங்கிவிடுங்கள்.

வெள்ளி முதல் திங்கள் வரை இந்த நான்கு நாளும் பல் டாக்டர்களின் கிளினிக்குகளும் பெரும்பாலும் பூட்டியிருக்கும். பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு சொத்தைப் பல் லேசாகக் கூசிக்கொண்டிருந்தால், சாக்லேட் மழை பெய்யும் இந்த நான்கு நாளில்தான் அது வலியாக மாறும், காட்ட ஆள் இருக்காது. ஆகவே மார்ச் தொடக்கத்திலேயே பல் டாக்டருக்குப் போன் போடுங்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் தரும் பல் சிகிச்சை 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம், கர்ப்பிணிகளுக்கும் குழந்தை பெற்று ஒரு வருடம் ஆகாத தாய்மார்களுக்கும் இலவசம். மற்ற பெரியவர்களில் பெரும்பாலோர் கட்டணம் கட்ட வேண்டும்.

ஜிபி எனும் குடும்ப டாக்டர் மாதிரி உங்கள் தெருவுக்கு இன்ன பல் டாக்டர் என்ற கணக்கு இங்கே இல்லை, எந்தக் கிளினிக்கில் இடம் இருக்கிறதோ அங்கே போகலாம். சிக்கல் என்னவென்றால் இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. என்எச்எஸ் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டுத் தேடினால் பட்டியல் வரும், புதியவர்களைச் சேர்க்கிறார்களா என்றும் போட்டிருக்கும், ஆனால் அந்தத் தகவல் பழசாக இருக்கலாம், அதனால் ஒவ்வொன்றாகப் போன் செய்து கேட்பதே சரி. "குழந்தைகளை மட்டுமாவது சேர்ப்பீர்களா?" என்று தனியாகக் கேளுங்கள், பெரியவர்களுக்கு இல்லை என்கிற இடங்கள் சிலவற்றில் பிள்ளைகளுக்கு இடம் இருக்கும். காத்திருப்போர் பட்டியல் என்றால் அதிலும் பெயரைக் கொடுத்துவையுங்கள். முதல் பால்பல் முளைத்ததும், ஒரு வயதுக்குள், குழந்தையை ஒரு முறை கூட்டிப்போகச் சொல்கிறார்கள். பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது போக வேண்டும். மூன்று வயதிலிருந்து பல்லில் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார்கள், வருடத்துக்கு இரண்டு முறையாவது. வலி கிடையாது, ஊசி கிடையாது, கேட்டே வாங்கிக்கொள்ளுங்கள்.

முட்டை வாங்குவது, வேகவைப்பது

இங்கே கடையில் முட்டை பிரிட்ஜில் இருக்காது, சாதாரண அலமாரியில் இருக்கும். பயப்பட வேண்டாம். அமெரிக்காவில்தான் முட்டையைக் கழுவிக் குளிரில் வைத்து விற்பார்கள், இங்கே கழுவாமல் விற்பார்கள், ஓட்டின் மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய பூச்சு அப்படியே இருக்கும். ஓட்டில் சிவப்புச் சிங்க முத்திரை பார்த்து வாங்குங்கள், வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமிக்குத் தடுப்பூசி போட்ட கோழிகளின் முட்டை என்று அதற்குப் பொருள்.

பெரும்பாலும் கிடைப்பது பழுப்பு முட்டைதான். படங்களில் வருகிற இளநீலம், எலுமிச்சை மஞ்சள் எல்லாம் வெள்ளை முட்டையில்தான் எடுக்கும். சில பெரிய கடைகளில் இப்போது வெள்ளை முட்டையும் வருகிறது, கண்ணில் பட்டால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், பழுப்பு முட்டைக்கென்றே அருமையான ஒரு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். முட்டை தொடாத சைவ வீடு என்றால் கைவினைக் கடைகளில் மரத்திலோ தெர்மாகோலிலோ செய்த முட்டைகள் கிடைக்கும், அதில் பெயின்ட் அடித்துக் கொடுத்தனுப்பலாம், பள்ளியில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

வேகவைக்க அன்று வாங்கிய முட்டையைவிட ஒரு வாரம் ஆன முட்டை மேல், ஓடு சுலபமாக உரிந்து வரும். பிரிட்ஜில் இருந்தால் அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள், சில்லென்ற முட்டை கொதிநீரில் விரிசல் விடும். அகலமான பாத்திரத்தில் ஒரே அடுக்காக வைத்து, ஓர் அங்குலம் மேலே நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றி, ஆறியதும் நன்றாகத் துடையுங்கள். ஈரம் இருந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும்.

சாயம்

அரை கப் சுடுதண்ணீர், ஒரு டீஸ்பூன் வினிகர், இருபது சொட்டு உணவு வண்ணம். இவ்வளவுதான் சூத்திரம். ஜெல் வண்ணமாக இருந்தால் ஒரு பட்டாணி அளவு போட்டு நன்றாகக் கலக்குங்கள், நிறம் அடர்த்தியாக வரும். ஒரு கிண்ணத்துக்கு ஒரு நிறம், முட்டையை ஐந்து நிமிடம் முக்கி வைத்துக் கரண்டியால் எடுத்து, முட்டை அட்டையைக் கவிழ்த்து அதன் மேடுகளுக்கு நடுவே காய வையுங்கள். வினிகர் வாங்கும்போது கவனம்: இங்கே உருளைக்கிழங்கு வறுவலுக்கு ஊற்றுவது பழுப்பு நிற மால்ட் வினிகர், அது வேண்டாம். தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கும் வெள்ளை வினிகர் வேண்டும். விலை குறைவுதான், மிச்சமானால் கெட்டிலில் படியும் உப்பைப் போக்க உதவும்.

வினிகர் எதற்கு? உணவு வண்ணங்கள் ஓட்டின் மேல் பூச்சில் இருக்கும் புரதத்தோடு ஒட்டுவதற்குக் கொஞ்சம் அமிலம் வேண்டும். அது இல்லாவிட்டால் சாயம் வெளிறிப்போகும். அதற்காக வினிகரைத் தாராளமாக ஊற்றினால் முட்டை மேல் குமிழ் குமிழாக வரும், ஓடு சொரசொரப்பாகும், நிறமும் உரியும்.

சாயத்தில் போடுமுன் மெழுகு கிரேயானால் முட்டையில் பெயர் எழுதச் சொல்லுங்கள், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது, பெயர் தனியாகத் தெரியும். பிள்ளைகளுக்கு இது பிடித்தமான வேலை.

நம் அடுக்களைச் சாமானிலேயே சாயம் உண்டு. மஞ்சள்தூள் இரண்டு டேபிள்ஸ்பூனை இரண்டு கப் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, கொஞ்சம் வினிகர் சேர்த்தால் வெள்ளை முட்டைக்கு நல்ல மஞ்சள். ஊதா முட்டைக்கோஸை நறுக்கிக் கொதிக்கவைத்த தண்ணீரில் வினிகர் விட்டு, வெந்த முட்டையை இரவு முழுக்க பிரிட்ஜில் ஊறவைத்தால் மறுநாள் நீல முட்டை. தண்ணீர் ஊதாவாகத்தான் இருக்கும், முட்டை மட்டும் நீலமாகும், பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். பீட்ரூட்டை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, காய்ந்தபின் மங்கிப்போய் அழுக்கு ரோஜா நிறத்தில் நிற்கும். மஞ்சள் கரைசலை வைக்குமுன் கிச்சன் மேடையில் பழைய செய்தித்தாளை விரியுங்கள், வாடகை வீட்டு வெள்ளை மேடையில் விழுந்த மஞ்சள் கறை டெபாசிட்டைத் தின்றுவிடும்.

இனி அந்தப் பழுப்பு முட்டை வழி. இது வட இங்கிலாந்தின் பழைய வழக்கம், பேஸ் எக் என்பார்கள். லங்காஷயரில் இருக்கும் பிரெஸ்டன் நகரின் ஏவனம் பூங்காவில் 1867 முதல் ஈஸ்டர் திங்களன்று பிள்ளைகள் முட்டை உருட்டுகிறார்கள், சரிவான புல்வெளியில் மேலிருந்து உருட்டிவிட்டுப் பின்னால் ஓடுவது, அவ்வளவுதான் விளையாட்டு. இதற்குத் தேவையான முக்கியப் பொருள் வெங்காயத் தோல், அது நம் வீட்டில் இல்லாமல் போகுமா? இரண்டு மூன்று வாரம் பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோலை ஒரு பையில் சேர்த்து வையுங்கள்.

வேகவைக்காத முட்டையை ஈரமாக்கி, அதன்மேல் கொத்தமல்லி இலை ஒன்றை விரித்து ஒட்டுங்கள், நரம்புகள் தெரியும் பக்கம் ஓட்டைத் தொட வேண்டும். அதன்மேல் வெங்காயத் தோலை இரண்டு மூன்று அடுக்காகச் சுற்றி, பழைய வேட்டித் துணித் துண்டால் இறுக்கிப் பொதிந்து நூலால் வரிந்து கட்டுங்கள். இலை நகராத அளவுக்கு இறுக்கம், ஓடு நொறுங்காத அளவுக்கு நிதானம். மிச்சத் தோலையும் தண்ணீரில் போட்டு இந்தப் பொட்டலத்தைக் கால் மணி நேரம் வேகவிட்டு, முழுக்க ஆறியபின் பிரியுங்கள். தேக்குப் பலகை மாதிரி செம்பழுப்பும் ஆரஞ்சும் கோடு கோடாக ஓடியிருக்கும், நடுவில் கொத்தமல்லி இலை தன் பல்பல்லான விளிம்போடு வெளிறி நிற்கும். ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்தால் பளபளக்கும். கடைச் சாயத்தில் முக்கிய முட்டை எதுவும் இதற்குப் பக்கத்தில் நிற்காது என்பது என் கட்சி.

வெந்த முட்டையைச் சாப்பிட நினைத்தால் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காதீர்கள், சாயம் காய்ந்ததும் பிரிட்ஜுக்குப் போகட்டும், மூன்று நாளுக்குள் முட்டைக் குழம்பாகிவிடட்டும். உரிக்கும்போது வெள்ளைக் கருவில் லேசாக நிறம் இறங்கியிருந்தால் பரவாயில்லை, உணவு வண்ணம்தானே. பள்ளிக்குப் போய் வந்த முட்டை, மினுமினுப்புத் தூளும் மார்க்கரும் பட்ட முட்டை, தோட்டத்தில் ஒளித்துவைத்து மறுநாள் கண்டுபிடித்த முட்டை, இவை குப்பைக்குத்தான்.

ஒரு டம்ளர் வினிகர்

எல்லா முட்டைக்கும் சாயம் போட்டு முடிந்ததும் ஒன்றை மட்டும் ஒதுக்கிவைத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு முழுகும்வரை வினிகர் ஊற்றுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். சில நொடிகளிலேயே ஓட்டின் மேல் ஊசிமுனைக் குமிழ்கள் வரிசை கட்டும், ஓட்டில் இருக்கும் கால்சியம் கார்பனேட் கரைந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. அடுத்த நாள் பழைய வினிகரைக் கொட்டிப் புதிது ஊற்றுங்கள். அதற்கும் மறுநாள் குழாயடியில் மெல்லத் தேய்த்தால் மீதி ஓடு மாவாகக் கழன்று போய், தோல் மட்டும் போர்த்திய முட்டை கையில் நிற்கும்.

ஒரு டீஸ்பூன் வினிகரில் ஐந்து நிமிடம் இருந்த முட்டை அழகாக நிறம் பிடித்தது, அதே வினிகரில் இரண்டு நாள் கிடந்த முட்டைக்கு ஓடே இல்லை. பல்லுக்கும் இதுதான் நடக்கிறது. பல்லின் மேலுறையான எனாமல் வேறு தாது, முட்டை ஓட்டைவிடப் பல மடங்கு கெட்டி, ஆனால் அமிலத்துக்கு அதுவும் கரையும். சர்க்கரையை நாம் தின்னும்போது வாயிலிருக்கும் கிருமிகளும் தின்கின்றன, அவை விடுகிற அமிலத்தால் பல்லின் மேல் பிஎச் அளவு (அமிலம் கூடக் கூட இது குறையும்) சில நிமிடங்களில் 5.5-க்குக் கீழே இறங்கும், அங்கேதான் எனாமல் கரையத் தொடங்குகிறது. பிறகு உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஒரேயடியாக நான்கு சாக்லேட் தின்றால் ஒரு முறை இறங்கி ஏறும். அதே நான்கையும் காலை முதல் மாலை வரை ஒன்றொன்றாக வாயில் போட்டால் நான்கு முறை இறங்கும், பல்லுக்கு ஓய்வே இல்லை.

இதைப் பிள்ளைக்கு வாயால் சொன்னால் ஏறாது. தோல் முட்டையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

சாக்லேட் நாள்

ஆகவே "சாக்லேட்டே கூடாது" என்று சட்டம் போட வேண்டியதில்லை, போட்டாலும் பள்ளியிலும் பக்கத்து வீட்டிலும் கொடுக்கத்தான் போகிறார்கள். நேரத்தைப் பிடியுங்கள். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு சாக்லேட், அப்போது உமிழ்நீர் நன்றாகச் சுரந்துகொண்டிருக்கும், கூடவே தண்ணீர். இடையில் கேட்டால் பழம், சீஸ், சுண்டல். வந்து சேர்ந்த முட்டைகளையெல்லாம் கைக்கெட்டாத அலமாரியில் வைத்து நாளுக்கு ஒன்று எனப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். படுக்கப்போகும் ஒரு மணி நேரத்துக்குள் மட்டும் கண்டிப்பாகக் கூடாது, தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும்.

அளவும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை 19 கிராமுக்குமேல் போகக் கூடாது, 7 முதல் 10 வயதுக்கு 24 கிராம் என்பது என்எச்எஸ் சொல்லும் வரம்பு. 40 கிராம் எடையுள்ள ஒரு கேட்பரி க்ரீம் எக்கில் (உள்ளே இனிப்புப் பாகு நிரப்பிய சாக்லேட் முட்டை) மட்டும் 25 கிராமுக்குமேல் சர்க்கரை. வாங்கும் பொறுப்பு உங்களிடம் இருந்தால் உள்ளே வெறும் கூடாக இருக்கும் சாக்லேட் முட்டையை வாங்குங்கள், அது சீக்கிரம் கரைந்து போய்விடும். கேரமல், பாகு, ஜெல்லி மிட்டாய் போன்றவை கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் போய் அப்பிக்கொள்ளும். ஜெல்லி, மார்ஷ்மெல்லோ இவற்றில் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டு ஜெலட்டின் இருக்கும், பார்த்து வாங்க வேண்டிய வீடுகளுக்கு இது தனிச் செய்தி. காய்ந்த திராட்சை போட்ட பன்னும் இந்தப் பருவத்துப் பலகாரம், உடம்புக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கொறிக்கக் கொடுக்காதீர்கள், அதுவும் ஒட்டும் ரகம்தான். கெட்டியான சர்க்கரை ஓடு போட்ட குட்டிச் சாக்லேட் முட்டைகளைச் சின்னக் குழந்தைகளிடம் தரவே வேண்டாம், தொண்டையில் அடைக்கும் சரியான அளவு அது. பெரியவர்களும் பழைய பல் அடைப்பு உள்ள பக்கம் வைத்துக் கடிக்காதீர்கள்.

பேஸ்டும் பிரஷும்

ஊரிலிருந்து பெட்டியில் வந்த பேஸ்டை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். மூலிகைப் பேஸ்டும் பல்பொடியும் பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. ஏழு வயதுக்குக் கீழே குறைந்தது 1,000 பிபிஎம் (ppm, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு), ஏழுக்கு மேலும் பெரியவர்களுக்கும் 1,350-லிருந்து 1,500 பிபிஎம் ஃபுளோரைடு இருக்க வேண்டும், டியூபின் பின்னால் போட்டிருக்கும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு பிரஷில் மெல்லிய தீற்றல், மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி. விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் நீளத்துக்கு வழியவிட வேண்டாம்.

படுக்குமுன் ஒரு தடவை, பகலில் இன்னொரு தடவை, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். நம் ஊர்ப் பழக்கத்தில் காலைப் பல்துலக்கல்தான் பிரதானம், இங்கே டாக்டர்கள் ராத்திரியைத்தான் கேட்பார்கள். இன்னொன்று, துலக்கியதும் கொப்பளிக்காதீர்கள். துப்பினால் போதும். டம்ளர் டம்ளராகக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். நமக்கு இது முதலில் அருவருப்பாகத்தான் இருக்கும், சில நாளில் பழகிவிடும். ஏழு வயது வரை பிள்ளை தானாகத் துலக்கினாலும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று கடைசியில் ஒரு சுற்றுத் தேய்த்துவிட வேண்டும். ஆரஞ்சு ஜூஸ் மாதிரிப் புளிப்பானது குடித்த உடனே பிரஷைத் தூக்காதீர்கள், எனாமல் இளகியிருக்கும், ஒரு மணி நேரம் போகட்டும்.

வசந்தத்தின் மற்ற தொல்லைகள்

மார்ச் கடைசியில் மரங்களின் மகரந்தம் பறக்கத் தொடங்கும், மே பாதிக்குமேல் புல்லின் முறை. ஊரில் தும்மலே தெரியாதவர்களுக்கும் இங்கே வந்த ஓரிரண்டு வருடத்தில் ஒவ்வாமை தலைகாட்டுவது உண்டு. மூக்கு அடைத்து வாயால் மூச்சு விட்டாலும், அலர்ஜி மாத்திரை போட்டாலும் வாய் காய்ந்துபோகும், காய்ந்த வாயில் சொத்தை சீக்கிரம் விழும். தண்ணீரை அடிக்கடி பருகுங்கள், பிள்ளைக்கு சிரப் வாங்கினால் சர்க்கரை இல்லாததாகக் கேளுங்கள். சைனஸ் அடைப்பினால் மேல் கடைவாய்ப் பற்கள் மொத்தமாக வலிக்கிற மாதிரியும் இருக்கும். ஒரு பல் மட்டும் வலித்தால் பல்லைச் சந்தேகியுங்கள், மேல்வரிசையே கனத்து, குனியும்போது அதிகமானால் சைனஸாக இருக்கலாம்.

வெயில் வந்ததும் பிள்ளைகள் சைக்கிள், டிராம்போலின் என்று வெளியே இறங்குவார்கள், முன்பல் உடைவதும் அப்போதுதான். பால்பல் விழுந்தால் திரும்ப ஈறில் சொருகவே கூடாது, கீழே வளரும் பல் கெட்டுவிடும். நிலைப்பல் முழுசாகக் கழன்று விழுந்துவிட்டால் வேர்ப் பக்கத்தைத் தொடாமல் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து எடுத்து, அழுக்கிருந்தால் பாலிலோ குழாய்த் தண்ணீரிலோ சில நொடி மட்டும் அலசி, தேய்க்காமல், அதே குழியில் வைத்து ஒரு சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வைக்க முடியவில்லை என்றால் பல்லைப் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள், தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள். எவ்வளவு சீக்கிரம் டாக்டர் கைக்குப் போகிறதோ அவ்வளவு நல்லது, அரை மணி நேரத்துக்குள் என்றால் பிழைக்க வாய்ப்பு அதிகம். கிளினிக் திறந்திருந்தால் அங்கே, விடுமுறை நாள் என்றால் 111 என்ற என்எச்எஸ் உதவி எண். போன் இலவசம், தமிழில் பேச வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள், போட்டுக் கொடுப்பார்கள். முகம் கண் வரை வீங்கிவிட்டது, மூச்சு விடவோ விழுங்கவோ சிரமப்படுகிறது, ரத்தம் நிற்கவில்லை என்றால் 111-க்குக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.